மையவாடிக்கு முன் முந்நூறு மீற்றர்

சுவா, பிஜி
12.05.2024

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உங்கள் இழுப்பு எப்படி இருக்கிறது? மருந்துப் பம்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறீர்களா, மேசையில் மறந்துவிட்டுப் பாடசாலைக்குப் போகிறீர்களா?

போனில் நான் "ஓம்" என்கிறேன், நீங்கள் "ம்" என்கிறீர்கள். பிறகு உம்மாவின் சுகம், மழை, அவ்வளவுதான். நம் மகள் அம்ஹா மௌத்தாகிப் போன இந்த இரண்டு வருடமும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே நாம் அப்படித்தான் கதைத்தோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்து, இனி எழுதுவோம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அதுதான். கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி முத்திரை ஒட்ட முடியாதே.

இங்கே ஒவ்வொரு நாளும் மழை. ஒரு பிஜி முஸ்லிம் குடும்பத்தின் மேல்மாடியில் அறை எடுத்திருக்கிறேன். அவர்கள் கதைக்கும் இந்தியில் எனக்கு விளங்குவது "சாப்பிட்டாயா" என்ற கேள்வி மட்டும். அந்த வீட்டுக்கார அம்மா அதைத்தான் அதிகம் கேட்கிறார்.

நான் வேலை செய்யும் கிராமம் பஸ்ஸிலும் படகிலுமாக நாலு மணித்தியாலப் பயணம். ஆற்று வாயில் இருபத்தேழு வீடுகள். நீர் பெருகும் நாட்களில் கடல் அடுப்படிக்குள் வருகிறது. முழுக் கிராமத்தையும் இரண்டு கிலோமீற்றர் உள்ளே, மேட்டுக்கு மாற்றப் போகிறார்கள். கரை என்ன வேகத்தில் கரைகிறது, இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்று அளந்து சொல்வதும், காலநிலை நிதியத்தாரிடம் அந்தச் சனங்களுக்காக எழுதிக் கதைப்பதும் என் பொறுப்பு. கல்முனைக் கரையில் பதினொரு வருடம் செய்த வேலைதான். கடலின் நிறம் மட்டும் வேறு.

வளவு மாமரம் இந்த முறை காய்த்ததா? உம்மாவின் கால்வீக்கம் குறைந்ததா? என்னோடு கரை அளந்த பாண்டிருப்புக் கேதீஸ்வரனைக் கண்டால் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். பெரிய வீதிப் பேக்கரியின் மாலைப் பாண் வாசம் அடிக்கடி மூக்கில் வந்து போகிறது.

அல்லாஹ் உங்களைக் காப்பான்.

இப்படிக்கு,
ஹுஸ்னியா


கல்முனை
09.06.2024

அன்பின் ஹுஸ்னியா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் இருபத்து மூன்று நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தது. தபால்காரர் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். எனக்குச் சுகம். பம்பு சட்டைப் பையில்தான் இருக்கிறது.

உன் வீட்டில் மாப்பிள்ளை தனியே இருக்கிறேன். பக்கத்து வளவிலிருந்து மாமி இரண்டு நேரமும் சோறு அனுப்புகிறா. அவவின் கால்வீக்கம் குறைந்துவிட்டது. மாமரம் காய்த்தது, அணில் தின்றது போக எங்களுக்கும் கிடைத்தது. பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் பாதியில் நிற்கிறது. வெக்கையில் பிள்ளைகள் மேசையில் தலைவைத்துத் தூங்குகிறார்கள், எழுப்ப மனம் வருவதில்லை.

நீ மாமரத்தைக் கேட்டாய், மாமியைக் கேட்டாய், கேதீஸ்வரனைக் கேட்டாய், பாணைக்கூடக் கேட்டாய். ஒரு இடத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அசர் தொழுதுவிட்டு, அம்ஹாவை அடக்கிய மையவாடிக்குப் போகிறேன். கிழக்கு ஓரத்தில், சின்னப் பிள்ளைகளின் கபுறுகள் இருக்கும் மூலையில், அவளுடைய மீஸான் கல் நேராக நிற்கிறது. பக்கத்துத் தாழை பூத்திருக்கிறது. அவளுக்கும், கடல் அரித்து மணல் இடிந்து நிற்கும் விளிம்புக்கும் இடையே எத்தனை கவடு என்று நடந்து எண்ணினேன். நாற்பத்தாறு.

என்னைப் பள்ளிவாசல் நிருவாகத்துக்குச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். தலைவர் முகைதீன்பாவா. கரைக்குப் பாறாங்கல் போடும் திட்டம் இந்த வருடம் நம் ஊருக்கு வருகிறதாம், ஆனால் முந்நூறு மீற்றருக்குத்தான் கல் இருக்கிறதாம். அதை மையவாடிக்கு முன்னால் போடச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம். "மாஸ்டர், உங்கட ஊட்டுல கரை படிச்ச ஆள் இரிக்கே, ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்களன்" என்று தலைவர் கேட்டார். நானும் கேட்கிறேன்.

துஆவுடன்,
பஸால்


சுவா
14.07.2024

அன்பின் மச்சானுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நன்றாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் இங்கே பெருநாள் தொழுதுவிட்டு, பிரியாணி என்று அவர்கள் சொல்லும் ஒன்றைச் சாப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் குறைவு.

போன வாரம் கிராமத்துப் பெண்களோடு கூட்டம். வரைபடத்தைப் பாயில் விரித்து, புது வீடுகள் எங்கே, தண்ணீர்த் தாங்கி எங்கே, பாதை எங்கே என்று காட்டினேன். மேரே என்று ஒருத்தி, பெண்கள் சங்கத்தின் தலைவி, என் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லறைகளை வரைபடத்தில் விரலால் தொட்டாள்.

"இது எங்கே வருகிறது?"

"திட்டத்தில் அது இல்லை."

"நாங்கள் மேலே போய்விட்டால் இவர்களோடு யார் இருப்பது?"

நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் கதைப்போம் என்றேன். திரும்பி வரும்போது படகில் ஒரே நனைவு.

நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் போவது பற்றி எழுதியதை இரண்டு மூன்று முறை வாசித்தேன். தாழை பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெயிலில் தலைக்குத் துணி போட்டுக்கொண்டு போங்கள்.

உம்மாவுக்கு என் ஸலாம்.

ஹுஸ்னியா


கல்முனை
25.08.2024

அன்பின் ஹுஸ்னியா,

அல்லாஹ்வின் சாந்தி உண்டாவதாக. நானும் மாமியும் சுகம். மாமி உனக்காகக் கருவாடு காயவைத்து, யாராவது பிஜிக்குப் போகிறார்களா என்று தெருத்தெருவாக விசாரிக்கிறா.

நான் கேட்டிருந்த இரண்டு வரி உன் கடிதத்தில் இல்லை. அதனால் பாதகமில்லை, இனி அது தேவையில்லை. போன புதன்கிழமை அரசாங்கக் கந்தோரில் கூட்டம் வைத்து முடிவைச் சொல்லிவிட்டார்கள். முந்நூறு மீற்றர் கல்லும் தெற்கே இருக்கும் தோணித் துறைக்கும் நாற்பத்தொரு வீட்டுக்கும் முன்னால் விழும். மையவாடிக்கு இல்லை.

எதை வைத்து இந்த முடிவு என்று தலைவர் கேட்டார். நாற்பது பக்க அறிக்கை ஒன்றைத் தந்தார்கள். செயலாளர் என்றபடியால் நான் இருந்து முழுவதையும் வாசித்தேன். அழகாக எழுதப்பட்டிருந்தது, ஒரு கணக்கிலும் பிழை இல்லை. எழுதியவரின் பெயரும் கையெழுத்தும் கடைசிப் பக்கத்தில் இருந்தன.

தலைவர் கண்ணாடி கொண்டு வரவில்லை. "ஆர் மாஸ்டர் இத எழுதின?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒரு நிபுணர்" என்றேன்.

முடிவை ஏற்றுக்கொள்கிறோம் என்று நிருவாகத்தின் சார்பில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். கல் ஏற்றிய லொறிகள் வரத் தொடங்கிவிட்டன. வீதியெல்லாம் புழுதி. இரண்டு நாளாகக் கொஞ்சம் இழுக்கிறது.

பஸால்


சுவா
22.09.2024

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புழுதியில் நிற்காதீர்கள். மருந்து முடிந்தால் அலுமாரியின் இரண்டாம் தட்டில் இன்னொன்று இருக்கிறது.

அந்தக் கையெழுத்து என்னுடையது. மார்ச் மாதம் வைத்தேன், ஏப்ரலில் விமானம் ஏறினேன். இடையில் இருபத்தாறு நாள் உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டேன். சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மாசி மாதம் நானும் கேதீஸ்வரனும் கடைசி முறையாகக் கரை முழுவதும் நடந்தோம். தெற்கு மூலையில் செல்லத்தங்கம் என்று ஒரு பெண், கனகரெத்தினம் என்ற மீன்பிடிக்காரரின் மனைவி. அவளுடைய குசினிச் சுவர் வெடித்து, அந்த வெடிப்பினூடாகக் கடல் தெரிந்தது. எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னாள்: "போன மாரிக்கி அலை குசினிக்குள்ள வந்திட்டு, மிஸ். புள்ளையள மேசைக்கு மேல ஏத்தி வெச்சன். இந்த மாரிக்கி எங்க ஏத்திற?"

அங்கிருந்து வடக்கே நடந்து மையவாடிக்கு முன்னால் வந்தோம். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. கேதீஸ்வரன் கிட்ட வந்து, "மெடம், உங்கட புள்ள இதுக்குள்ள கிடக்கிற எல்லாருக்கும் தெரியும். நீங்க இந்த இடத்த எழுதினாலும் ஒருத்தரும் பிழை சொல்லமாட்டாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதைக் கேட்ட பிறகு என்னால் அப்படி எழுதவே முடியாமல் போய்விட்டது.

அந்தப் படிவத்தில் ஒவ்வொரு முந்நூறு மீற்றருக்கும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு நிரல் உண்டு. தெற்கே நூற்று அறுபத்து மூன்று என்று எழுதினேன். மையவாடிக்கு முன்னால் பூச்சியம். மச்சான், அந்தப் பூச்சியத்தைப் போட்டுவிட்டு நிற்காமல் அடுத்த வரிக்குப் போனேன். அதை நினைத்துத்தான் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

உங்களுக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் என்னை வைதிருக்க மாட்டீர்கள். "ம்" என்றிருப்பீர்கள். அதைக் கேட்கப் பயந்து இவ்வளவு தூரம் வந்தேன்.

இப்போது எத்தனை கவடு இருக்கிறது? எழுதுங்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

ஹுஸ்னியா


சுவா
08.12.2024

அன்பின் மச்சானுக்கு,

ஸலாம். சுகமாக இருக்கிறீர்களா? செப்டெம்பரில் எழுதிய கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. போனை உம்மாதான் எடுக்கிறா. மழை, வெள்ளம், எல்லாரும் சுகம், பஸால் பள்ளிவாசல் வேலையாக வெளியே போயிருக்கிறார் என்கிறா. எப்போது எடுத்தாலும் நீங்கள் வெளியேதான்.

செய்மதிப் படங்களைப் பார்க்க எனக்கு வழி இருக்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறை நம் கரையின் புதுப் படம் வரும். நவம்பர் கடைசியில் முழுக்க மேகம். டிசம்பரில் வந்த ஒரு படத்தில் மேகம் விலகியிருந்தது. தெற்கே கரைக்கோடு நேராக நிற்கிறது, கல் பிடித்திருக்கிறது. வடக்கே அது உள்ளே வளைந்துவிட்டது.

படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீற்றர். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் சாம்பல் நிறச் சதுரங்கள்தான். அம்ஹாவின் இடம் அந்தச் சதுரத்தில் ஒரு மூலைகூட வராது. உலகத்தின் கரைகளையெல்லாம் எனக்குக் காட்டுகிறார்கள். என் மகளின் ஆறடி நிலத்தைப் பார்க்க நீங்கள்தான் எனக்குக் கண்.

எழுதுங்கள்.

ஹுஸ்னியா


கல்முனை
05.01.2025

அன்பின் ஹுஸ்னியா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதற்கு மூன்று பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதற்குள் மாரி வந்துவிட்டது.

முதலில் நான் மறைத்ததைச் சொல்கிறேன். அந்த அறிக்கை எனக்குக் கந்தோரில் வைத்துத் தெரியவந்ததல்ல. மார்ச் மாதம் நீ குளிக்கப் போயிருந்தபோது மேசையில் திறந்து கிடந்தது. அந்தப் பூச்சியத்தை அன்றைக்கே பார்த்தேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன், விமான நிலையத்தில் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபோதும் காத்திருந்தேன். ஜூனில் இரண்டு வரி கேட்டதும் உன் வாயைத் திறப்பதற்காகத்தான். நீ செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியென்று தெரிந்ததால்தான் உன்னோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

நவம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமை கடல் மையவாடிக்குள் வந்தது. லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளியில் ஊர் கூடிவிட்டது. கபுறுகளைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் அடக்கலாமா என்று ஷரிபுதீன் மௌலவியிடம் கேட்டார்கள். கடல் கொண்டுபோகும் என்றால் எடுக்கலாம் என்றார். அப்போது முகைதீன்பாவா எழும்பினார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"மாஸ்டர், அந்த நிபுணர் உங்கட ஊட்டுப் பொம்புளயாமே?"

"ஓம்."

"தெரிஞ்சிக்கிட்டா கையெழுத்து வெச்ச?"

"ஓம், தெரியும். என்ட மகளும் அங்கதான் கிடக்கா. அவவும் அது தெரிஞ்சுதான் எழுதின."

அவருடைய மனைவி போன வருடம்தான் மௌத்தானவ, உனக்குத் தெரியும். மனிசன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "மண்வெட்டி எத்தின இரிக்கி?" என்று கேட்டார்.

பிரதான வீதிக்கு மேற்கே பள்ளிக்குச் சொந்தமான வளவில் புதிய குழிகள் வெட்டினோம். ஆபத்தில் இருந்தவை முப்பத்து நாலு கபுறுகள். எதை முதலில் எடுப்பது என்று பட்டியல் போட்டது நான். வடக்கு மூலைதான் வேகமாக இடிந்தது, அதனால் அங்கிருந்து தொடங்கினோம். பிள்ளைகளின் மூலை தெற்குப் பக்கம். வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும் என்று கணித்தேன்.

புதன்கிழமை காலையில் கேதீஸ்வரன் இருபது பேரோடு மழையில் வந்து நின்றார். எல்லாரும் தோணித் துறைக்காரர். அவர்களுடைய வீடு ஒன்றிலும் தண்ணீர் ஏறவில்லை. கனகரெத்தினம் மண்மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, "எங்க அடுக்கிற மாஸ்டர், சொல்லுங்க" என்றார். இரண்டு நாள் அவர்கள் விளிம்பில் மூட்டை அடுக்க, நாங்கள் பின்னால் தோண்டினோம். பத்தொன்பது பேரை எடுத்துப் புதுத் துணியில் சுற்றி, மேற்கே கொண்டுபோய் அடக்கினோம்.

வியாழக்கிழமை அசர் நேரம். முகைதீன்பாவாவின் மனைவியை எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் குழிக்குள் இறங்கிவிட்டார், நான் மேலே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெற்குப் பக்கம் ஆட்கள் கத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன். தாழம்புதர் அப்படியே நின்ற நிலையில் கீழே இறங்கியது. அதோடு அந்த மூலையும்.

கையிலிருந்த துணியை விட்டுவிட்டு ஓட முடியவில்லை, ஹுஸ்னியா. குழிக்குள் அந்த மனிசன் இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறார். துணியைக் கொடுத்து, எடுத்து, சுற்றி முடித்துவிட்டுத்தான் போனேன். போனபோது அங்கே தண்ணீர்தான் இருந்தது. கனகரெத்தினம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கித் தேடினார். அம்ஹாவின் மீஸான்கூட அகப்படவில்லை.

பட்டியல் என் கையில்தான் இருந்தது. அவளை முதலாவதாக எழுதியிருக்கலாம். யாரும் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதை எழுதுவதற்கு எனக்கு ஐந்து கிழமை எடுத்தது. மாமிக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவவின் வாயைக் கட்டினேன்.

பஸால்


சுவா
09.02.2025

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழையில் மூன்று நாள் நின்ற உடம்பு என்ன பாடுபட்டது என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. நெஞ்சு எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் கந்தோர் முகவரிக்கு வந்தது. படகுத் துறையில் இருந்து வாசித்தேன். படகு வந்தது, போனது, அடுத்த படகும் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஒரு முழு நாள் உங்களோடு கோபமாக இருந்தேன். ஒரு பெயரை மேலே எழுத இந்த மனிசனுக்கு என்ன பாரம் என்று. அடுத்த நாள், அவள் இருந்த இடத்துக்குப் பூச்சியம் என்று எழுதிய மனிசி நான்தான் என்பது நினைவுக்கு வந்தது. பிறகுதான் அழுதேன். அம்ஹாவின் ஜனாஸாவை நம் வீட்டு வாசற் கடப்பால் எடுத்துப் போன அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதேன். மேரே என் பக்கத்தில் வந்திருந்தாள். நான் தமிழில் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள்.

எனக்குத் தெரிந்தது மணலும் நீரோட்டமும்தான். அதைக்கொண்டு உங்களுக்கு ஒன்று செய்ய முடிந்தது. நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, வருடம் முழுவதும் வடக்கே நடக்கிறது. மாரிக் கடல் அதைக் கரையிலிருந்து பிடுங்கி வெளியே கொண்டுபோய்ப் போடும். மாசி, பங்குனியில் கடல் அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கரையேற்றும். எங்களிடம் இருக்கும் பதினொரு வருட அளவையும், நவம்பர் காற்றையும் அலையையும் போட்டு, மையவாடியில் இறங்கிய மணல் எங்கே ஏறும் என்று கணக்குப் பார்த்தேன். நாலு நாள் எடுத்தது. வடக்கே நாலு கிலோமீற்றரில் கரை வளைந்து, தோணிகளை ஏற்றி வைப்பார்களே, அந்த இடம். பங்குனிக் கடைசியில் அங்கே கடற்கரை அகலும். நிச்சயம் என்று சொல்லமாட்டேன். கணக்குத்தான், நூற்றுக்கு எழுபது சரியாக இருக்கும். பெருநாள் முடிந்து நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

இங்கத்தைய செய்தி. நிதியத்தின் கூட்டத்தில் கல்லறைகளையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று எழும்பிக் கதைத்தேன். சனங்கள் உயிரோடு இருக்கும் இடத்தை மட்டும் ஊர் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றேன். அந்த எழுத்துக்குள் என்னுடையதும் உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். ஓகஸ்டில், மழை குறைந்த மாதத்தில், எடுத்து மேட்டில் அடக்கப் போகிறார்கள். இளைஞர்கள் பாதிப்பேர் நகரத்து வேலைக்குப் போய்விட்டதால் தோண்டவும் தூக்கவும் ஆள் போதாது என்று மேரே கவலைப்படுகிறாள்.

வீடுகள் இந்த வருடம் பத்துத்தான் முடியும். முழுக் கிராமமும் ஏற இன்னும் இரண்டு வருடம் ஆகும். என்னுடைய ஒப்பந்தம் ஜூன் மாதம் முடிகிறது. அவ்வளவுதான் செய்தி.

உம்மாவுக்கு ஸலாம். அவவோடு கோபமில்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் ஹுஸ்னியா


கல்முனை
11.04.2025

என் ஹுஸ்னியாவுக்கு,

ஸலாமும் துஆவும். நெஞ்சு பரவாயில்லை. நோன்பு முழுவதையும் பிடித்தேன். பெருநாளன்று மாமி உன் பங்குக்கும் சேர்த்து வட்டிலப்பம் அவித்து, சாப்பிட ஆளில்லாமல் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தா.

இன்றைக்கு நீ சொன்ன இடத்துக்குப் போனேன். கேதீஸ்வரன் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். போன வருடம் தான் அடித்த முளை ஒன்றைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து நாடாவை இழுத்தார். கடற்கரை ஒன்பது மீற்றர் அகன்றிருக்கிறது. "மெடத்தின்ட கணக்குப் பிழைக்காது, சேர்" என்றார். பிறகு ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு தோணிகளின் பக்கம் நடந்துவிட்டார்.

புது மணல் மிருதுவாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை விளையாட்டில் சேர விடவில்லை என்று அழுதுகொண்டு ஓரத்தில் இருந்தாள். பிறகு அழுகையை மறந்து மணலை அள்ளித் தன் காலை மூடத் தொடங்கினாள். ஓரிடத்தில் இருந்தேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக அம்ஹாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். யாருக்கும் கேட்டிருக்காது, காற்று அப்படி. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இவ்வளவு நேரம் இருந்திருப்பேனா தெரியாது. நீ இல்லையே என்றுதான் எழும்ப மனம் வரவில்லை.

ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது என்று எழுதி, அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கடிதத்தை மடித்துவிட்டாய். இரண்டு வருடமாக உன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவன் நான். இனி அப்படிக் காத்திருக்க மாட்டேன். நீ கேட்காததற்குப் பதில் சொல்கிறேன்: ஓம், இரு. கடைசி வீடும் மேட்டில் ஏறும்வரை இரு.

உன்னைக் காணாமல் எனக்கு இங்கே இருக்க ஏலாமல் இருக்கிறது, அதையும் எழுதி வைக்கிறேன். பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொழும்பைத் தாண்டிப் போகாத மனிசன் எத்தனை விமானம் மாறி வரவேண்டுமோ தெரியாது, நீ எழுதி அனுப்பு. பாடசாலையில் ஓகஸ்ட் விடுமுறையோடு சேர்த்து லீவு கேட்டிருக்கிறேன்.

தோண்டவும் தூக்கவும் ஆள் போதாது என்று எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணிடம் சொல், ஒருவர் வருகிறார் என்று. எனக்கு அந்த வேலை தெரியும்.

உன் பஸால்